நலமாயிருப்பவன் நோயைத் தேடலாமா?

வியாபாரிக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று கடைக் கணக்கு; மற்றொன்று மறுமையில் காட்ட வேண்டிய கணக்கு. கடைக் கணக்கில் நாம் கெட்டிக்காரர்கள். ஆண்டு முடிந்ததும் சரக்கு இருப்பு எடுக்கிறோம், பற்று வரவு பார்க்கிறோம், ஐந்தொகை போடுகிறோம். லாபம் வந்த ஆண்டிலும் போடுகிறோம், நஷ்டம் வந்த ஆண்டிலும் போடுகிறோம். "கல்லாவில் பணம் விழுந்துகொண்டுதானே இருக்கிறது, கணக்கு எதற்கு?" என்று கேட்கிற வியாபாரி அதிக நாள் கடை நடத்துவதில்லை.

இத்தனை விவரம் தெரிந்த நாம் உடம்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். "நன்றாகத்தானே இருக்கிறேன், டாக்டரிடம் போவானேன்? போனால் இல்லாத வியாதியையெல்லாம் சொல்வார்கள். வருவது வரட்டும், அல்லாஹ் இருக்கிறான்." இந்தப் பேச்சைக் கேட்காத தேநீர்க் கடை சிங்கப்பூரில் உண்டா? ஜோகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கந்தான் உண்டா?

ஆகவே ஒரு கேள்வியை நேராக எடுத்து வைத்துக்கொள்வோம். வலியும் குறையும் இல்லாமல் நடமாடுகிற ஒருவன், தன்னிடம் நோய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கக் கடமைப்பட்டவனா? தேடுவது இறைவன்மீது நம்பிக்கைக் குறைவா? தேடாதிருப்பது தவக்குல் ஆகுமா? நாம் ஆலிமல்லர், டாக்டருமல்லர், கடைக்காரர்தாம். எனினும் மார்க்கத்தில் படித்த கொஞ்சமும் வியாபாரத்தில் பட்டறிந்த கொஞ்சமும் இக்கேள்விக்கு உதவும் என்று எண்ணுகிறோம்.

பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். ஆகவே நம்மவர்க்கு மிகவும் நெருங்கிய ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். அது சர்க்கரை நோயால் கண்ணுக்கு வரும் கேடு.

சர்க்கரை நோய் நமக்குப் புதிதன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தியர்களிடையே அது மிக அதிகமாகக் காணப்படுகிறது. மலேசிய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு எடுத்த சுகாதாரக் கணக்கில், வயது வந்தோருள் 100-க்கு 18 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சிங்கப்பூர் அரசாங்கமோ 2016-இல் இந்நோய்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. காலையில் ரொட்டி சானாயும் பால் டின் ஊற்றிய தே தாரிக்கும், மதியம் நாசிக் கண்டார், கல்யாணம் கந்தூரி என்றால் நெய்ச்சோறு, பகல் முழுதும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்த இருப்பு. இப்படி வாழ்கிற நமக்கு அது வந்ததில் என்ன ஆச்சரியம்?

நோய் வந்தது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள்கூடக் கண்ணைப்பற்றி நினைப்பதில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் உண்டு. நாம் காணும் உருவம் விழுவது அதன்மீதுதான். அதற்கு உணவு கொண்டுபோகும் இரத்தக் குழாய்கள் மயிரினும் மெலியவை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து ஆண்டுக்கணக்கில் ஓடினால் இக்குழாய்களின் சுவர் பலமிழக்கிறது. ஆங்காங்கே சிறு கொப்புளம்போல் உப்புகிறது. நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபட்டும் போகின்றன. உணவு எட்டாத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. அவை அவசரத்தில் கட்டிய சுவர்போல உறுதியற்றவை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பாயும். பிறகு அங்கே தழும்பு உண்டாகி விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடவும் கூடும். அல்லது விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து, எழுத்தும் முகமும் மங்கிப்போகும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வையும் மங்குவதில்லை. கிடங்கில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறோம். தரை ஓதம் ஏறி அடிமூட்டை நனைந்து புழுத்துக்கொண்டிருக்கிறது. மேல்மூட்டையைத் தொட்டுப் பார்க்கிறவனுக்கு எல்லாம் உலர்ந்தே இருக்கிறது. நாற்றம் மேலே வரும்போது சரக்கில் பாதி போயிருக்கும். கண்ணின் கதை இதுவேதான். உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட கணக்குப்படி, சர்க்கரை நோயாளிகள் மூவருள் ஒருவருக்கு விழித்திரையில் ஏதேனும் ஒரு கேடு உண்டு. பத்தில் ஒருவருக்குப் பார்வையே போகக்கூடிய அளவு உண்டு. அவர்களுள் எத்தனையோ பேர் இன்று காலையும் பத்திரிகை படித்துக் கணக்கெழுதியவர்களாகவே இருப்பார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். துணியை விரலால் தொட்டு நூல் எண் சொல்வார்; கடையின் அந்தக் கோடியில் இருக்கும் புடைவையின் கரை நிறத்தை இந்தக் கோடியிலிருந்து சொல்வார். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்தும், "என் கண்ணுக்கு என்ன குறை?" என்பார். கேட்டவர்களும் ஆமாம் என்போம். ஒரு நாள் சுபுஹு தொழுகைக்கு எழுந்தவருக்கு ஒரு கண்ணில் கரும்புகை சுற்றினாற்போல் இருந்தது. மறு கண்ணும் நெடுநாள் நிலைக்கவில்லை. மனிதர் முறையிடவில்லை, பொறுமையாகவே இருந்தார். பார்க்க வந்தவர்களெல்லாம் "தக்தீர்" என்றார்கள். அவரும் "ஆம், தக்தீர்" என்றார். கடைசிவரை கல்லாவில் அவர் உட்கார்ந்தார். ஆனால் நோட்டை எண்ணித் தர இன்னொரு கை வேண்டியிருந்தது.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைப் போன்றே நம்மில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்கவே எழுதுகிறோம். "தக்தீர்" என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவும் வேண்டும். நடந்து முடிந்த துன்பத்துக்கு அது அருமையான மருந்து. உள்ளம் உடையாமல் அது காக்கிறது. ஆனால் நடக்கப்போவதற்கு அதையே சாக்காகச் சொன்னால் மருந்து நஞ்சாகிவிடும். கடைக்குப் பூட்டுப் போடாமல் வீட்டுக்குப் போய், "திருடு போவதும் போகாததும் தக்தீர்" என்று நம்மில் யாராவது தூங்குகிறோமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி என்று சிறுவயதிலேயே மதறஸாவில் ஓதிக்கொடுத்தார்கள். பூட்டு விஷயத்தில் அந்த ஹதீஸ் ஞாபகம் வருகிறது, கண் விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறது.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றையும் நினைக்கலாம். கி.பி. 638-639-ஐ ஒட்டிய காலத்தில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியது. அங்கே போய்க்கொண்டிருந்த கலீஃபா அவர்கள், ஸர்க் என்ற இடத்தில் செய்தி கேட்டு, தோழர்களிடம் ஆலோசனை கலந்து, திரும்ப முடிவு செய்தார்கள். இறைவன் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். விதியின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் போவதும் இறைவன் விதித்ததே என்பது உமர் (ரலி) அவர்கள் தந்த விடையின் கருத்து. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திரும்பிய கலீஃபா அவர்களுக்கு நோய் வந்திருக்கவில்லை. வரக்கூடும் என்று செய்தி மட்டுமே வந்தது. செய்தி கிடைத்ததும் அதன்படி நடந்தார்கள். விழித்திரையைப் படமெடுத்துப் பார்ப்பதும் முன்கூட்டி வரும் ஒரு செய்திதானே? செய்தி வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொள்வது தவக்குல் ஆகாது.

இன்னொரு வாதமும் உண்டு. "குருடும் இறைவன் சோதனை, பொறுத்தவனுக்குச் சுவர்க்கம். அப்படியிருக்க ஏன் இத்தனை பதற்றம்?" பார்வையற்றோரின் மதிப்பு நம் மார்க்கத்தில் குறைந்ததே இல்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். மதீனாவில் பாங்கு சொன்னவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவில் பொறுப்பாளராய் நியமிக்கப்பட்டவர்கள். கண்ணில்லாமை இழிவு என்று இக்கட்டுரையில் எவரும் படிக்க வேண்டாம். ஆனால் பொறுமை என்பது வந்த துன்பத்துக்குச் செய்கிற அமல். துன்பத்தைக் கதவு திறந்து கூப்பிட்டுவிட்டுப் பொறுமை காட்டுவது அந்த அமலில் சேராது. வறுமையில் பொறுமைக்கு நற்கூலி உண்டு என்பதற்காக எந்த வியாபாரியும் தன் முதலைக் கடலில் கொட்டுவதில்லை.

மூன்றாவது வாதம் சற்றுக் கனமானது. "என் கண் எனக்குச் சொந்தம், கவனிப்பதும் விடுவதும் என் இஷ்டம்." சொந்தமா? நாம் அமானிதம் என்ற சொல்லை நன்கு அறிந்தவர்கள். ஊருக்குப் போகும் நண்பர் ஒருவர் ஒரு பெட்டியை நம் கடையில் வைத்துப் போகிறார். "பத்திரமாக இருக்கிறது" என்று ஆண்டுக்கு ஒரு தரமேனும் பெட்டியைத் திறந்து கரையான் இருக்கிறதா என்று பார்ப்போமா, மாட்டோமா? பெட்டி நம்முடையதாக இருந்தால் அசட்டையாக இருந்தாலும் இருப்போம். பிறர் பொருள் என்பதால்தான் கூடுதல் கவனம். கண் கொடுத்தவன் ஒருவன், அதைப்பற்றி விசாரிக்கப்போகிறவனும் அவனே. தவிரவும் அந்தக் கண்ணை நம்பி மனைவி இருக்கிறாள், மக்கள் இருக்கிறார்கள், கடன் கொடுத்தவர் இருக்கிறார், ஊரில் மாதப் பணத்தை எதிர்பார்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இத்தனை பேர் பங்கு உள்ள சொத்தை ஒருவன் தன் இஷ்டப்படி அழிய விட உரிமை உண்டா?

பிறர் குறையைத் துருவித் தேடுவது ஹறாம் என்று படித்திருக்கிறோம். தஜஸ்ஸுஸ் என்று அதற்குப் பெயர். தன் குறையைத் துருவித் தேடுவதோ முஹாஸபா. அது புகழப்பட்ட குணம். உலகத்தில் நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். அடுத்த கடைக்காரனின் கடன் பாக்கி நமக்கு மனப்பாடம். நம் இரத்தத்தின் சர்க்கரை அளவு தெரியாது.

சரி, நம் பாட்டனார் காலத்தில் இதெல்லாம் ஏது? அவர்கள் பாவிகளா என்று கேட்கலாம். அல்ல. 1851-க்கு முன்னால் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் கருவி வைத்தியர்களிடம் இல்லை. அந்த ஆண்டில்தான் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே பாக்தாதில் அலீ இப்னு ஈஸா கண் வைத்திய நூல் எழுதினார். அம்மார் அல்மவ்ஸிலீ உட்துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்தார். கெய்ரோவில் இப்னுல் ஹைஸம் பார்வையின் இயல்பை ஆராய்ந்து கிதாபுல் மனாளிர் எழுதினார். கண்ணை ஆராய்வது தவக்குலுக்கு விரோதம் என்று அவர்கள் நினைத்திருந்தால் இந்நூல்கள் பிறந்திருக்குமா? ஆயினும் விழித்திரையைக் கண்டு மருந்து செய்ய அவர்களிடமும் வழியில்லை. ஹஜ்ஜு சக்தி உள்ளவர்மீதே கடமை. வழியில்லாதவன்மீது பொறுப்பில்லை, வழி பிறந்ததும் பொறுப்பும் கூடவே பிறக்கிறது. பாட்டனாருக்கு இருந்த மன்னிப்பு நமக்கு இல்லை.

வழி பிறந்ததற்குச் சான்று வேண்டுமா? லேசர் ஒளியால் கெட்ட குழாய்களை அடக்கினால், கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி 1976-இல் அறிவித்தது. இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைக் கேடு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது என்று பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சி 1998-இல் தெரிவித்தது. நடுப்பகுதியில் நீர் கோத்தவர்களுக்கு இப்போது கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துகிறார்கள். பலருக்குப் பார்வை ஓரளவு தேறவும் செய்கிறது. இங்கிலாந்தில் 2003 முதல் சர்க்கரை நோயாளிகளை அழைத்துக் கண்ணைப் படமெடுக்கும் திட்டம் நடந்து வருகிறது. அங்கும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினர் பார்வை இழப்பதற்கு ஐம்பதாண்டுகளாகச் சர்க்கரைதான் முதற் காரணமாயிருந்தது. 2009-10 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டபோது அது முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாவிட்டாலும், முன்கூட்டிப் பார்த்ததும் ஒரு காரணம் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே கருதினார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லேசர் பெரும்பாலும் இருப்பதைக் காக்கிறது. போனதைத் திருப்பித் தருவதில்லை. கெட்ட சரக்கை நல்ல சரக்காக்கும் கடை எங்கும் இல்லை. அதனால்தான் "தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு இந்த நோயில் செல்லாது. தெரிகிற நாள் பல சமயம் பிந்திய நாளாக இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் நாம் போகமாட்டோம் என்றால் காரணம் வேறு. அது தவக்குலுமல்ல, தக்தீருமல்ல; பயம். டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம். பயப்படுவது மனித இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் பயத்துக்குத் தவக்குல் என்ற ஜுப்பாவை மாட்டிப் பள்ளிவாசலுக்குள் அழைத்து வருவதுதான் குற்றம். உண்மையில் பயத்துக்கும் பெரிய ஆதாரமில்லை. பரிசோதனைக்குப் போகிறவர்களுள் பெரும்பாலோர் கேட்டு வருவது, "இப்போது ஒன்றுமில்லை, அடுத்த ஆண்டு வாருங்கள்" என்பதே. சிறு மாறுதல் கண்டவர்களுக்குக்கூட உடனே லேசர் வேண்டியதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் அடக்கி, புகையை விட்டாலே பலருக்கு அது முற்றாமல் நிற்கும்.

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். நம்மவரில் பெரும்பாலோருக்கு உள்ள, நடு வயதில் வரும் சர்க்கரை நோய் என்றால், அது தெரிந்த உடனேயே ஒரு தரம் கண்ணைக் காட்ட வேண்டும். ஏனெனில் தெரியும் முன்பே அது சில ஆண்டுகள் ஒளிந்திருந்திருக்கலாம். பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒரு தரம். டாக்டர் வேறு தவணை சொன்னால் அதன்படி. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்களில் கண்ணைப் படமெடுத்து, வேறிடத்தில் உள்ள பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு 2010 முதல் இருக்கிறது. மலேசியாவில் பல அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் அதற்கான கேமரா உண்டு. படமெடுக்கச் சில நிமிடங்களே. கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும்; அன்று வண்டி ஓட்டக் கூடாது, யாரையாவது கூட்டிப்போவது நல்லது. மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்லி எண் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அது மேல்மூட்டையைத் தொட்டுப் பார்ப்பதுதான். திடீரென்று கரும்புள்ளிகள் பறந்தாலும், மின்னல் வெட்டினாலும், திரை விழுந்தாற்போல் இருந்தாலும் ஆண்டுத் தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே ஓட வேண்டும். நோன்பு மாதத்தில் தவணை வந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். ஷாபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது.

தேதி மறந்துவிடும் என்பார்கள். அதற்கு நாம் ஒரு யோசனை சொல்வோம். ஆண்டு நிறைந்ததும் ஸகாத் கணக்குப் பார்க்கிறோமே, அந்த மாதத்தையே கண்ணுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் கணக்கும் கண்ணின் கணக்கும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு பேரைப்பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதலாவது, நம் வீட்டுப் பெண்கள். நாம் கூட்டிப்போனால்தான் போவார்கள், கூட்டிப்போகாவிட்டால் கேட்கவும் மாட்டார்கள். சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் கண்ணின் கேடு வேகமாக முற்றக்கூடும். அக்காலத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டாவது, நம் கடைப் பையன்கள், சமையல்காரர்கள், கணக்கப்பிள்ளைகள். காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரை அவர்கள் நேரம் நம் கையில் இருக்கிறது. பாதி நாள் லீவு கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளியிடம் எவன் கண்ணைக் காட்டப் போகிறேன் என்பான்? தன் கண்ணைத் தான் கவனிக்காதவன் தனக்கு அநியாயம் செய்கிறான். பிறன் கண்ணைக் காட்ட நேரம் கொடுக்காதவன் பிறனுக்குச் செய்கிறான். பின்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்கள் இரண்டு: இறைவனிடத்தும், அந்தத் தொழிலாளியிடத்தும். இதை ஒவ்வொரு முதலாளியும் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பாராக.

ஆகவே நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடை இதுவாகிறது. எல்லா நோயையும் எந்நேரமும் தேடித் திரிவது கடமையல்ல; அது வாழ்வையே சந்தேகமாக்கிவிடும். ஆனால் அபாயம் தனக்கு உண்டு என்று அறிந்தவன், பார்க்க எளிய வழியும் கைக்கெட்டும் மருந்தும் இருக்கும்போது, பாராதிருப்பது அமானிதத்தில் செய்கிற குறை. பார்த்த பின்பு முடிவு எப்படியானாலும், அப்போது "தக்தீர்" என்று சொல்லும் நாவுக்கு உரிமை உண்டு. அந்தச் சொல்லில் உண்மையும் உண்டு.

பார்வையைத் தந்த வல்ல நாயன், அதைப் பேணும் அறிவையும் நமக்குத் தருவானாக! பார்வை இழந்த நம் சகோதரர்களுக்கு நற்பொறுமையையும் நல்ல துணையையும் தருவானாக! ஆமீன்.